பழைய டிராவலர் வேனில் இரண்டாவது பேட்டரி

2025 பிப்ரவரி 27, காலை ஆறு மணி. முந்தின நாள் சிவராத்திரி. உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது எங்கள் குலதெய்வம் கோவில். பங்காளிகள் எல்லாரும் அன்று ராத்திரி அங்கேதான் தங்குவோம். கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர் போடுவதும் சாமி கும்பிடும் இடத்துக்கு மட்டும்தான். விடிந்ததும் கிளம்பலாம் என்று வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. இன்னொரு தடவை திருப்பினேன், டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. பின்னால் போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியே இல்லை. அதில் அப்பாவின் இன்சுலின் இருந்தது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து சித்தப்பா மகன் டிராக்டரை ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினான். ஜம்பர் கேபிள் போட்டுத்தான் அன்றைக்கு வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை: இந்த வண்டியில் ஒன்றுக்கு இரண்டு பேட்டரி இருக்கிறது, இரண்டும் எப்படி ஒரே ராத்திரியில் படுத்தன?

வண்டி 2008 மாடல் டெம்போ டிராவலர். முந்தைய உரிமையாளரே அதைக் கேம்பர் வேனாக மாற்றி, ஆர்.சி.யிலும் பதிந்து வைத்திருந்தார். சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு கட்டில், சமைக்க ஒரு சின்ன மேடை, 12 வோல்ட் ஃபேன் ஒன்று, எல்.இ.டி. விளக்குகள், 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். மற்றவை இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் இல்லாமல் அப்பாவை வெளியூர் கூட்டிப்போக முடியாது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரித்ததை நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்றாலும், அட்டையில் போட்டிருக்கும் வெப்பம் 25, 30 டிகிரிதான். சித்திரை வெயிலில் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த வேனுக்குள் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது. உறைந்துபோனாலும் இன்சுலின் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப்போவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் வரக்கூடிய பயணம்தான் பயணம். அதனால் இந்தப் பேட்டரி வேலையை ஒழுங்காகச் செய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்தேன். முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி. பின்கட்டிலுக்கு அடியில் 100 ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு கரண்ட் சேர்த்துவைக்கும் என்பதன் அளவு) டியூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற லெட்-ஆசிட் வகை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர், அதில் ஒரு கை சுவிட்ச். ஓடும்போது ஆன் பண்ணினால் பின்பேட்டரிக்கும் சார்ஜ் ஏறும், வண்டியை நிறுத்தியதும் ஆஃப் பண்ண வேண்டும். அன்று கோவிலில் இறங்கியதும் பானை, அரிசி, சாமான் என்று இறக்குகிற வேலையில் நான் ஆஃப் பண்ணவில்லை. இரண்டு பேட்டரியும் சேர்ந்தே ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் போய்விட்டன. மனிதன் ஞாபகம் வைத்துப் போட வேண்டிய சுவிட்சை நம்பி இந்த அமைப்பைச் செய்யவே கூடாது.

ஆனால் சுவிட்ச் மட்டும் காரணம் என்றால், இரண்டு பேட்டரியும் சேர்ந்து ஒரு ராத்திரியாவது தாங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்பு ராமேஸ்வரம் போனபோதும், அவ்வளவு தூரம் ஓட்டிய பிறகும், ராத்திரி பத்து மணிக்கே ஃபிரிட்ஜ் நின்றது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "150 போடுங்க", "லித்தியம் போடுங்க". எனக்கு ஒரு சந்தேகம். நூறு ஆம்பியர்-ஹவரே நிறையவில்லை என்றால் நூற்றைம்பது எப்படி நிறையும்?

பழங்காநத்தம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷமாக லாரி, பஸ் வேலை. வண்டியை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் போடும் டைனமோவில் மீட்டர் வைத்தார். 14.2 வோல்ட். அப்புறம் பின்னால் வந்து கட்டில் பலகையைத் தூக்கி டியூபுலரில் வைத்தார். 13.1.

"தம்பி, டைனமோ நல்லாத்தான் போடுது. இங்கிட்டு வந்து சேரலை" என்றார்.

"அப்ப பேட்டரி நல்லா இருக்காண்ணே?"

"பேட்டரிய விடுங்க. அது பட்டினியா கெடக்கு. சோறு போட்டுட்டு அப்பறம் பேசுவோம்."

13.1 வோல்ட்டில் ஒரு லெட்-ஆசிட் பேட்டரி நிறையவே நிறையாது. 13.8-க்கு மேல், நன்றாக நிறைய வேண்டுமானால் 14-ஐத் தாண்டிக் கொடுக்க வேண்டும். வழியில் எங்கேயோ ஒரு வோல்ட் காணாமல் போகிறது. அதைத் தேடுகிற முறையை அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

வழக்கமாக மீட்டரின் ஒரு முனையைப் பிளஸ்ஸிலும் இன்னொன்றை மைனஸிலும் வைப்போம். இதில் அப்படி இல்லை. ஒயரின் இந்த முனையில் ஒன்று, அதே ஒயரின் அந்த முனையில் இன்னொன்று. பத்தடி தூரம் எட்டாது என்பதால் மீட்டர் முனையில் நீளமான மெல்லிய ஒயரைச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒயர் நல்ல ஒயராக இருந்தால், கரண்ட் ஓடும்போது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் அந்த ஒயர் தின்பது. கரண்ட் ஓடாதபோது பார்த்தால் கருகிப்போன இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரியே தெரியும். அதனால் எஞ்சின் ஓட வேண்டும், பின்பேட்டரி காலியாக இருக்க வேண்டும்.

ஒயரைச் சுற்றிக் கவ்வி, அதில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 14 ஆம்பியர் காட்டியது. முன்பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பின்பேட்டரி பிளஸ் வரை 0.5 வோல்ட் போகிறது. அதில் 0.1, நடுவில் தொங்கிய கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டரில், தொட்டால் சுட்டது. மீதி 0.4 ஒயரில். அது வீட்டு வயரிங்குக்குப் போடும் 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர். நாலு ஸ்கொயர் தாமிரம் மீட்டருக்கு 5 மில்லி ஓம். ஐந்தரை மீட்டருக்கு 27 மில்லி ஓம் சொச்சம். பதினாலு ஆம்பியரால் பெருக்கினால் 0.38. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதி அரை வோல்ட் எர்த்தில், அதாவது மைனஸ் பக்கம் பாடி வழியாகத் திரும்பும் பாதையில். பின்பேட்டரி மைனஸை ஒரு ஜான் ஒயரில் பக்கத்து பாடியில் முடுக்கியிருந்தார்கள். அந்தப் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வாஷருக்கு அடியில் பாடியின் பெயின்ட் அப்படியே இருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அந்த மரையிலும் துரு. நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தது. பதினேழு வருஷ வண்டியின் தகரத்தை ஒயராக நம்புவது வேண்டாம், மைனஸுக்கும் தனி கேபிள் இழுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

வாங்கப் போகும் முன்பு செலவுக் கணக்கு போட்டேன். கோவிலில் சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை. ஃபேன் 25 வாட், எட்டு மணி நேரம்: 200 வாட்-ஹவர். விளக்குகள் 12 வாட், ஆறு மணி நேரம்: 72. ஃபிரிட்ஜ் 45 வாட், பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 270. நாலு செல்போனுக்கு ஒரு 40. மொத்தம் 582, பன்னிரண்டால் வகுத்தால் 48 ஆம்பியர்-ஹவர் சொச்சம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும். நூறில் பாதி ஐம்பது. கணக்கு எட்டுகிறது, ஆனால் மிச்சம் வைக்க ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு முந்தின நாளே ஃபிரிட்ஜை வீட்டுக் கரண்டில் ஓடவிட்டு நன்றாகக் குளிரவைத்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டால் ராத்திரி ஓடும் நேரம் குறையும். அது போதும் என்று தோன்றியது.

லித்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல பேட்டரி. நூறு ஆம்பியர்-ஹவர் பன்னிரண்டு கிலோ பக்கம்தான் இருக்கும். என் டியூபுலர் முப்பத்தைந்துக்கு மேல். நூறில் எண்பது தொண்ணூறு வரை தாராளமாக எடுக்கலாம். ஆனால் அது காலியாக இருக்கும்போது கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். என் டைனமோ 65 ஆம்பியர். நேராக இணைத்தால் டைனமோ முழு மூச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், மெதுவாக ஏற்றத்தில் போகும்போது காற்றும் கிடைக்காமல் சூடேறிக் காயில் கருகும். அதற்கு நடுவில் கரண்டை அளந்து கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும். பேட்டரி, சார்ஜர் இரண்டும் சேர்ந்தால் என் கைக்கு எட்டாத செலவு. கையில் இருக்கும் டியூபுலரோ ஒன்றரை வயதுதான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வீட்டுச் சார்ஜரில் இரண்டு நாள் மெதுவாக ஏற்றி, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். ஆறு செல்லும் 1.240-க்கு மேல் ஒன்றுபோல் வந்தன. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு.

புது பேட்டரிக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கு கேபிளுக்குப் போனது. 25 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு மீட்டர். வெல்டிங் கேபிளில் முடி மாதிரி மெல்லிய கம்பிகள் நிறைய இருப்பதால் வண்டியின் அதிர்ச்சிக்கு ஒடியாது, வளைத்துப் போடவும் சுலபம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதும் கிடைக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான் வாங்கின கடையில் நுனியில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சுரண்டிய இடத்திலும் சிவப்பு, அதற்கப்புறம்தான் காசைக் கொடுத்தேன்.

கேபிள் முனையில் போல்ட் மாட்டுவதற்கான தாமிர வளையம்தான் லக். அதை அடிக்கிற வேலைக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். இந்த மொத்த வேலையில் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கக்கூடிய இடம் அதுதான். முதலில் ஒரு லக்கை வைஸில் நெருக்கி, சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். இழுத்தால் வரவில்லை, உறுதியாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு அதை ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன். உள்ளே கம்பிகள் தனித்தனியாக, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் காற்றும் ஈரமும் போய் இரண்டு வருஷத்தில் கறுத்துவிடும். அப்புறம் கே.புதூர் தொழிற்பேட்டையில் பேனல் போர்டு செய்யும் ஒரு பட்டறையில் கேட்டேன். அவர்களிடம் ஹைட்ராலிக் கிரிம்பிங் இருந்தது. இருபத்தைந்து ஸ்கொயருக்கான டை (அச்சு) போட்டு, கையால் ஆறேழு தடவை பம்ப் அடித்தார்கள். அதில் ஒன்றையும் அறுத்துப் பார்த்தோம். அறுத்த முகத்தில் கம்பியே தெரியவில்லை. தாமிரக் கட்டியை அறுத்த மாதிரி ஒரே சிவப்பாகப் பளபளத்தது. அந்தத் துண்டை இன்னும் மேஜையில் வைத்திருக்கிறேன். எட்டு லக்குக்கும் அவர்கள் வாங்கியது டீச் செலவுதான்.

கை சுவிட்சுக்குப் பதிலாக வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒன்று போட்டேன். 140 ஆம்பியர் வகை. முன்பேட்டரி 13.3 வோல்ட்டைத் தொட்டால், அதாவது எஞ்சின் ஓடி டைனமோ சார்ஜ் போடுகிறது என்றால், இரண்டையும் சேர்க்கும். 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். சாவியில் ஓடும் சாதா ரிலேவும் போடலாம், விலை குறைவு. ஆனால் சாவியைத் திருப்பியதுமே அது சேர்ந்துவிடும்; செல்ஃப் அடிக்கும்போது இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் ஒரு பங்கு பின்பேட்டரியிலிருந்தும் பாயும், ஃபியூஸ் போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை, எஞ்சின் ஓடிய பிறகுதான் சேரும். பழைய வண்டியாக இருப்பதும் இதற்குச் சௌகரியம். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் டைனமோவை ஏற்றி இறக்குவதால் இந்த வகை ரிலே குழம்பிப்போகும். என்னுடையது எப்போதும் ஒரே 14.2.

ஃபியூஸ் இரண்டு, இரண்டும் 80 ஆம்பியர். ஒன்று முன்பேட்டரியிலிருந்து ஒரு ஜான் தூரத்தில், இன்னொன்று பின்பேட்டரியிலிருந்து ஒரு ஜான் தூரத்தில். எதற்கு இரண்டு என்று பட்டறையில் ஒரு பையன் கேட்டான். இந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். முன்னால் மட்டும் ஃபியூஸ் இருந்தால் அது போன பிறகும் பின்பேட்டரி ஊட்டிக்கொண்டே இருக்கும். கட்டிலுக்கு அடியில் தீ. ஆட்கள் தூங்குகிற வண்டியில் இதில் சமரசம் கூடாது.

கேபிளை சேஸிஸ் ஓரமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், ஃபிளெக்ஸிபிள் குழாய்க்குள் விட்டு, ஒரு அடிக்கு ஒரு கிளிப் அடித்தேன். தகரத்தில் துளை போட்ட இடமெல்லாம் ரப்பர் குரோமெட். மைனஸ் கேபிளை நேராக முன்பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனேன். அங்கிருந்து சேஸிஸுக்குப் போகும் பழைய எர்த்தையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அதைத் தேய்த்ததில் செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறியது.

பேட்டரி வேலையில் கைவைக்கும்போது மோதிரம், கைக்கடிகாரம், பெண்கள் என்றால் வளையல், எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன்.

டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். அதன் மேலேதான் அம்மாவும் அப்பாவும் படுக்கிறார்கள். முந்தைய அமைப்பில் இதற்கு ஒன்றுமே செய்யாமல் வெறுமனே பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் மூடியோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, மூடியின் உச்சியிலிருந்து 20 எம்.எம். பி.வி.சி. குழாயை வண்டிக்கு வெளியே விட்டேன். ஹைட்ரஜன் லேசானது, மேலேதான் போகும். கீழே தரையில் காற்று வர ஒரு துளை. ரிலே, ஃபியூஸ் எதையும் அந்தப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பொறி வரக்கூடிய பொருள் வாயு இருக்கும் இடத்தில் வேண்டாம். பெட்டியை எல்-ஆங்கிள் சட்டத்தில் உட்காரவைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். முப்பத்தைந்து கிலோ, சடன் பிரேக்கில் நகரக் கூடாது. பக்கத்தில் ஒரு டப்பாவில் ஆப்ப சோடா இருக்கிறது, ஆசிட் சிந்தினால் தூவ.

பின்னால் ஒரு ஃபியூஸ் பெட்டி: ஃபேனுக்கு 5, விளக்குக்கு 5, செல்போன் சாக்கெட்டுக்கு 10, ஃபிரிட்ஜுக்கு 15. ஃபிரிட்ஜுக்கு மட்டும் 4 ஸ்கொயர் ஒயர். அது கழற்றின பழைய ஒயர்தான். நாலு ஆம்பியருக்கும் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கும் அது ராஜா. ஃபிரிட்ஜில் வோல்ட்டேஜ் குறைந்தால் தானே நிற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒயர் மெலிசாக இருந்தால், பேட்டரியில் 12.3 இருக்கும்போதே கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஃபிரிட்ஜ் வாசலில் 11.6 ஆகி நின்றுவிடும்.

எல்லாம் மாட்டி, மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். அரை நிமிஷத்தில் ரிலே டக் என்று சேர்ந்தது. மனசு நிறைந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன். டக். பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பச் சேர்ந்தது. மறுபடி பிரிந்தது. ஐடிலில் நிற்கும்போதெல்லாம் இதே டக் டக். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிட்டது. ரிலே பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரிலேய கழட்டாதீங்க தம்பி, பெல்ட்ட அமுக்கிப் பாருங்க" என்றார்.

எஞ்சினை நிறுத்தி, டைனமோ பெல்ட்டை இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினேன். ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி மின்னியது; அவ்வளவு நாள் வழுக்கியிருக்கிறது. முன்பு பதினாலு ஆம்பியர்தான் போய்க்கொண்டிருந்ததால் இது வெளியே தெரியவில்லை. பெரிய கேபிள் போட்டதும் காலி பேட்டரி அதிகமாக இழுக்க, பெல்ட் வழுக்கி, டைனமோ பின்தங்கி, வோல்ட்டேஜ் 12.8-க்குக் கீழே போய், ரிலே பிரித்திருக்கிறது. பிரித்ததும் வோல்ட்டேஜ் ஏறித் திரும்பச் சேர்ந்திருக்கிறது. புது பெல்ட் போட்டு, அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் போகும் அளவுக்கு இறுக்கினேன். டக் டக் நின்றது.

அதற்கப்புறம் எடுத்த அளவு: பாதி காலியான பின்பேட்டரிக்கு 28 ஆம்பியர் ஏறுகிறது. முன்பேட்டரியில் 14.0, பின்பேட்டரியில் 13.7. பிளஸ், மைனஸ் இரண்டு கேபிளும் சேர்ந்தே கால் வோல்ட்தான் தின்கின்றன. மீதி ஃபியூஸ், ரிலே முனைகளில். பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் குறையும், இந்த இழப்பும் அதோடு குறையும். கடைசியில் பின்னாலும் 14.1 நின்றது. 14.4 வேண்டும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது 25 டிகிரிக்குச் சொன்னது. பேட்டரி சூடாக இருந்தால் டிகிரிக்கு 0.02 வோல்ட் போலக் குறைத்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பேட்டரிப் பெட்டிக்குள் 40 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டுக்கு 14.1 பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி ஒரு மணி நேர ஓட்டம். அதில் திரும்ப ஏறுவது இருபது ஆம்பியர்-ஹவர், அவ்வளவுதான். கடைசி இருபது சதவீதம் எவ்வளவு தடித்த கேபிள் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும், லெட்-ஆசிட்டின் குணம் அது. அதனால் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ராத்திரி முழுக்க வீட்டுச் சார்ஜரில் போட்டுவிடுகிறேன். மொட்டைமாடி மாதிரி வெயில் காயும் வேன் கூரையில் ஒரு சோலார் பேனல் வைத்தால் அந்தக் குறை தீரும். அது அடுத்த வேலை.

2026 பிப்ரவரி 15, சிவராத்திரி. அதே கண்மாய்க் கரை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்பேட்டரி 12.7. ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடின. கொழுந்தியா பிள்ளைகளின் போன்களும் சேர்ந்துகொண்டன. இரண்டு மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரி. காலையில் எல்லாவற்றையும் நிறுத்தி அரை மணி நேரம் விட்டு அளந்தேன், 12.3. முன்பேட்டரி 12.6, ராத்திரி முழுக்க யாரும் தொடவில்லை. அப்பா இன்சுலின் பேனாவை எடுத்து ஊசி போட்டுக்கொண்டு, "இன்னைக்கு டிராக்டர் வேண்டாமாப்பா?" என்று கேட்டார். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் எடுத்தது.

வீட்டுக்கு வந்து கேபிள் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். பின் ஃபியூஸின் ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கி, சிவப்பு மார்க்கரால் நட்டின் மேலும் அடித்தட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். இனி நகர்ந்தால் கோடு விலகித் தெரியும். மற்ற ஏழு முனைகளுக்கும் அதே கோடு போட்டுவிட்டுக் கட்டில் பலகையை மூடினேன்.